பறைசாற்றலும் அறிவித்தலும்: இதழ்த் தமிழில் ஒரு வினைச்சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கோவளத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இதழ்களும் தமிழும்' என்னும் தலைப்பில் பேசுமாறு அன்போடு பணித்தீர்கள். அது கடலைப் போன்ற தலைப்பு. கடற்கரையில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் துணிவில்லை. ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்து, பிறகு துணையாசிரியனாகப் பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தவை சொற்கள். அவற்றுள்ளும் நாள்தோறும் நூறு முறை கையில் வந்து விழுந்த சில வினைச்சொற்கள். எனவே ஒரே ஒரு வினையை எடுத்துக்கொள்கிறேன். ஊரறியச் சொல்லுதல் என்னும் வினை. அதைப் பறைசாற்றல் என்பார்கள், அறிவித்தல் என்பார்கள், பிரகடனம் என்பார்கள். இம்மூன்றும் ஒன்றல்ல. ஒன்றென்று கருதி நாங்கள் எழுதியதால் விளைந்தவற்றைச் சொல்வதே என் நோக்கம்.

இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் மாமல்லபுரம். அவ்வூரைப் பற்றி எந்தச் செய்தியை எடுத்தாலும், 'பல்லவரின் சிற்பக் கலையை உலகுக்குப் பறைசாற்றி நிற்கும் மாமல்லபுரம்' என்றே தொடங்குகிறது. 1984இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோதும் பறைசாற்றியது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தபோதும் பறைசாற்றியது. நானே எத்தனையோ முறை அப்படி எழுதியிருக்கிறேன். கல் எப்படிப் பறையறையும் என்று ஒருநாளும் நின்று நினைத்ததில்லை. கோயில் பறைசாற்றும், கீழடி பறைசாற்றும், ஜல்லிக்கட்டு பறைசாற்றும், பொங்கல் கோலம்கூடப் பறைசாற்றும். 'காட்டுகிறது', 'உணர்த்துகிறது' என்று எழுத வேண்டிய இடங்களிலெல்லாம் கொஞ்சம் ஓசை வேண்டும் என்பதற்காக அச்சொல்லை இட்டு நிரப்பினோம். மனிதன் வாயிலிருந்து வந்த ஆணைக்கு உரிய சொல் இப்படி உயிரில்லாப் பொருள்களுக்கு உரியதாயிற்று.

சொல்லுதலைக் குறிக்கத் தமிழில் வினைகளுக்குப் பஞ்சமில்லை. இயம்பு, நவில், நுவல், பகர், செப்பு, மொழி, உரை, கூறு, விளம்பு, சாற்று, அறை, பறை என்று நிகண்டு நூல்கள் வரிசையாக அடுக்கும். இவற்றுள் கடைசி மூன்றும் தனி இனம். அறைதல் என்றால் அடித்தலும் உண்டு, சொல்லுதலும் உண்டு. பறை என்பது தோற்கருவியின் பெயர். அதுவே பேசுதல் என்னும் வினையுமாகும். மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்றால் சாதாரணமாகச் சொல்லுதல்தான். கருவிக்கும் பேச்சுக்கும் ஒரே சொல் அமைந்திருக்கிறது. நம் முன்னோர் காதில் ஊரறியச் சொல்லுதல் என்பதே தோலதிரும் ஓசையாகத்தான் பதிந்திருந்தது போலும்.

மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். புகார் நகரில் இந்திர விழா எடுப்பதென்று பெரியோர் கூடி முடிவு செய்கிறார்கள். வச்சிரக் கோட்டத்து முரசத்தை யானையின் பிடரியில் ஏற்றி, அத்தொழிலுக்குரிய பழங்குடியில் பிறந்தவன் நகருக்கு வாழ்த்துச் சொல்லி, விழா நாளையும் அதற்கு மக்கள் செய்ய வேண்டியவற்றையும் அறிவிக்கிறான். தெருவை எப்படி அலங்கரிப்பது, எவற்றைத் தவிர்ப்பது என்றெல்லாம் அவன் சொல்கிறான். முடிவெடுத்தவர் யார், சொன்னவர் யார், எந்த நாளுக்குச் சொன்னது, கேட்டவர் செய்ய வேண்டியது என்ன என்னும் நான்கும் அங்கே தெளிவாக இருக்கின்றன. ஒரு செய்தியாளனுக்குப் பாடம் நடத்த அந்தக் காதையே போதும். அதே காப்பியத்தில் பின்னர் அவ்விழா நின்றுபோகிறது, புகாரைக் கடல் கொள்கிறது. கடற்கரையில் வாழும் நமக்கு அக்கதையைக் கதை என்று ஒதுக்கிவிட மனம் வருவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

யானைப் பிடரியில் இருந்த முரசம் காலப்போக்கில் கீழே இறங்கிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் தண்டோரா போட்டவர் நடந்தே வருவார். வரி கட்ட வேண்டிய கெடுவானாலும், ஏரி மதகு திறப்பதானாலும், அம்மை குத்த ஆள் வருவதானாலும் தெருமுனையில் நின்று நான்கு அடி அடித்துவிட்டு, 'இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்' என்று தொடங்குவார். அவரே பிணம் சுடுபவர். அவரே இழவுச் செய்தி சொல்லப் பக்கத்து ஊர்களுக்கு ஓடுபவர். ஊரின் எல்லாச் செய்திகளும் அவர் வாய்வழியே வந்தன. ஊருக்குள் உட்கார அவருக்குத் திண்ணை இல்லை. கருவியின் பெயரே ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகி, அப்பெயர் ஆங்கிலத்தில் புகுந்து ஒதுக்கப்பட்டவன் என்று பொருள்பட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 'தமிழர் பெருமையைப் பறைசாற்றுகிறது' என்று மேசையில் அமர்ந்து எழுதும்போது எங்கள் எவருக்கும் அந்த மனிதர் நினைவுக்கு வந்ததில்லை. வினை எங்களிடம் இருந்தது. வினை செய்தவர் தெருமுனையில் நின்றார்.

2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள், அறிவியல் இவ்வளவு வளர்ந்த காலத்தில் தண்டோரா போடும் வழக்கம் தொடர வேண்டியதில்லை, ஒலிபெருக்கியை வண்டியில் கட்டி அறிவித்தால் போதும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல காரியம். ஆனால் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், கடனுக்காக நிலத்தைப் பற்றுகை செய்யும்போது அவ்விடத்தில் பறையறைந்தோ வழக்கமான வேறு முறையிலோ அதனை விளம்ப வேண்டும் என்னும் விதி இருக்கிறது. இன்னொரு புறம், 2025இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஏவலுக்கு அடித்தால் இழிவு, கலையாக அடித்தால் சிறப்பு என்று காலம் பிரித்துக்கொண்டுவிட்டது. இதழ்கள் மட்டும் இரண்டையும் பிரிக்காமல் பழையபடியே பறைசாற்றிக்கொண்டிருக்கின்றன. அச்சொல்லை விலக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதை எழுதுபவன் ஒரு கணம் அந்த ஓசையைக் காதில் கேட்டுவிட்டு எழுதினால் போதும். பாதி இடங்களில் தானாகவே அடித்துவிட்டு வேறு சொல் போடுவான்.

விளம்பு என்னும் வினைக்கு நேர்ந்ததோ வேறு. அதிலிருந்து பிறந்த விளம்பரம் என்னும் பெயர் முன்னாளில் அரசாணையை ஊரறியச் செய்தலைக் குறித்தது. மலையாளிகள் அப்பொருளைக் கைவிடவில்லை. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் அரசுக் கோயில்களைத் திறந்துவிட்ட ஆணையை அவர்கள் இன்றும் 'க்ஷேத்திரப் பிரவேசன விளம்பரம்' என்றே வழங்குகிறார்கள். நாமோ அதனை ஆலயப் பிரவேசப் பிரகடனம் என்கிறோம். விளம்பரம் என்று எழுதினால் சவுக்காரம் விற்பது போலாகிவிடும். அவர்கள் கடைச்சரக்கு விளம்பரத்துக்குப் 'பரஸ்யம்' என்று வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். கேரளத்திலும் ஒரு கோவளம் உண்டு. நம் ஊர்ச் செய்திக்கு அவ்வூர்ப் படத்தைப் போட்டு இதழ்கள் தடுமாறுவது வாடிக்கை. அந்தக் கோவளத்தில் விளம்பரம் என்றால் அரசன் குரல். இந்தக் கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துப் பலகை. ஒரு சொல் எந்த ஊரில் எந்தக் கதிக்கு ஆளாகும் என்று யார் சொல்ல முடியும்?

பிரகடனம் என்னும் வடசொல்லுக்கு நம் இதழ்களில் ஒரு கம்பீரம் உண்டு. 1801 ஜூன் 16இல் சின்ன மருது திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் ஒட்டச் செய்த அறிக்கையை நாம் ஜம்புத்தீவுப் பிரகடனம் என்கிறோம். நாட்டு மக்களை வெள்ளையருக்கு எதிராக எழச் சொன்ன அந்தத் தாளை அகற்றுவோருக்கு அதிலேயே சாபமும் எழுதப்பட்டிருந்தது. 1858 நவம்பர் 1இல் அலகாபாத்தில் கானிங் பிரபு படித்த விக்டோரியா மகாராணியின் அறிக்கையும் பிரகடனமே. ஒன்று ஆட்சியை எதிர்த்துச் சுவரில் ஒட்டியது, மற்றொன்று ஆட்சியே படித்தது. இரண்டுக்கும் ஒரே சொல். 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டபோது, ஊரறியச் சொல்லுதல் என்னும் வினை தலைகீழானது. பிரகடனம் என்பது வெளிப்படுத்துவது. அந்தப் பிரகடனத்தின் முதல் வேலையோ இதழ்களின் வாயை அடைத்தது. தணிக்கை அலுவலர் ஒப்பமிடாமல் ஒரு வரியும் அச்சேறாத நாட்களில், 'அறிவித்தார்' என்னும் சொல் மட்டும் எவ்விதத் தடையுமின்றிப் புழங்கியது. அறிவிப்பவர் ஒருவரே என்று ஆகிவிட்டால் பிற வினைகளுக்கு வேலை இல்லை.

இங்கே ஓர் ஒப்புமை சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூரில் முதலில் ஆணை வந்தது, பிறகு மக்கள் கோயிலுக்குள் சென்றார்கள். மதுரையில் 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் முதலில் சென்றார்கள். அவர்களைக் காக்க அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் பின்னால் வந்தன. அங்கே சொல் முன்னும் செயல் பின்னும். இங்கே செயல் முன்னும் சொல் பின்னும். அன்றாடச் செய்தியில் நமக்கு இந்த முன்பின் கணக்குத் தவறிவிடுகிறது. என் பேச்சின் நடுவிடத்துக்கு வந்துவிட்டேன்.

அறி என்பது தன்வினை. அறிவி என்பது பிறவினை. உண், ஊட்டு என்பது போல. ஊட்டினேன் என்றால் குழந்தை உண்டது என்று பொருள். அறிவித்தார் என்றால் அறிய வேண்டியவர்கள் அறிந்தார்கள் என்று இலக்கணம் எதிர்பார்க்கிறது. இன்னொன்றையும் அது எதிர்பார்க்கிறது: அறிவிக்கப்படுவது உண்மையாகவோ, அறிவிப்பதாலேயே உண்மையாகுவதாகவோ இருக்க வேண்டும். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், சில சொற்கள் செயலைச் சொல்வதில்லை, அவையே செயல் என்று விளக்கினார். தேர்தல் அலுவலர் ஒருவரை வெற்றி பெற்றவர் என்று அறிவித்தால் அந்த நொடியில் அவர் உறுப்பினர். அதற்கு முன் எவ்வளவு வாக்கு முன்னிலை இருந்தாலும் அவர் வேட்பாளரே. அங்கே 'அறிவித்தார்' என்னும் சொல் முழு எடையோடு நிற்கிறது. 'பாலம் கட்டப்படும் என அமைச்சர் அறிவித்தார்' என்னும் வாக்கியத்தில் பாலமும் இல்லை, கல்லும் இல்லை. ஆனால் வினைமுற்று ஒன்றே. வாசகன் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கிறான். நாங்கள்தாம் அப்படி நிறுக்கப் பழக்கினோம்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இதில் ஒரு வியப்புத் தோன்றும். அரசன் வாயால் சொன்னது 'திருவாய்மொழிந்தருளியது'. அதைக் கேட்டு வைத்துக்கொள்ளத் திருவாய்க்கேள்வி என்னும் அலுவலர். எழுத ஒருவர் திருமந்திர ஓலை. எழுதியதைச் சரிபார்த்து ஒப்பமிடத் திருமந்திர ஓலைநாயகம். அதற்குப் பிறகு ஊர்ச் சபைக்குப் போய், வரிக் கணக்கில் ஏறி, எல்லையில் நட்டு, கடைசியில் கல்லில் வெட்டினார்கள். அரசன் சொன்னான் என்பதற்கும் கல்லில் ஏறியது என்பதற்கும் இடையே எத்தனை கைகள்! ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். நமக்கும் படிகள் உண்டு: அறிவிப்பு, அரசாணை, அறிவிக்கை, அரசிதழ், பணித் தொடக்கம், நிறைவு. ஆட்சித்தமிழ் அகராதிகள் 'அறிவிப்பு' வேறு, 'அறிவிக்கை' வேறு என்று பிரித்தே தந்திருக்கின்றன. ஒன்று வாய்ச்சொல், மற்றது அரசிதழில் ஏறிய சட்ட வலிவுள்ள சொல். இதழ்களில் இரண்டும் 'அறிவிப்பு' என்றே வந்துவிடும்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டைத் தனி மாவட்டமாக்குவதாக அன்றைய முதலமைச்சர் பழனிசாமி அவர்கள் சட்டமன்றத்தில் அறிவித்தது 2019 ஜூலை 18. மாவட்டம் நடைமுறைக்கு வந்தது அவ்வாண்டு நவம்பர் 29. இடையில் நான்கு மாதங்களுக்கு மேல். அறிவித்த மறுநாளே 'செங்கல்பட்டு மாவட்டம் உதயம்' என்று எழுதப்பட்டதால், சான்றிதழ் வாங்கப் போனவர்கள் செங்கல்பட்டுக்கா காஞ்சிபுரத்துக்கா என்று அலைந்ததை இந்த அவையில் பலர் அறிவீர்கள். (இந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, செங்கல்பட்டு மாவட்டம், செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம், மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம் என்று மாவட்டங்கள்தாம் நம்மைக் கடந்து போயிருக்கின்றன.) அதே ஜூலை 18 இன்னொரு நினைவையும் தருகிறது. 1967இல் அந்நாளில்தான் அண்ணா அவர்கள் காலத்துச் சட்டமன்றம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்னும் பெயரைத் தீர்மானித்தது; அப்பெயர் நடப்புக்கு வந்தது 1969 ஜனவரி 14. தமிழ் செம்மொழியென்பது குடியரசுத் தலைவர் உரையில் 2004 ஜூன் மாதம் சொல்லப்பட்டது. அரசின் அறிவிக்கை அவ்வாண்டு அக்டோபர் 12இல் வந்தது. பெரிய காரியங்களில்கூடச் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே காலம் கிடக்கிறது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் இதழாளன் வேலை. நாங்களோ முதல் நாள் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டோம். சட்டமன்ற விதி 110இன் கீழ் படிக்கப்படும் அறிக்கைகளுக்கு அவையில் விவாதம் கிடையாது. அவற்றைப் பற்றி வெளியே கேள்வி கேட்க வேண்டியவை இதழ்களே. '110 விதியின் கீழ் அறிவித்தார்' என்னும் தொடரை நாங்கள் எழுதிய எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட 'அது என்னவாயிற்று' என்று எழுதியதில்லை.

இலங்கைத் தமிழ் இதழ்களைப் படிக்கும் பழக்கம் உடையவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அங்கே அரசிதழுக்கு வர்த்தமானி என்று பெயர். 'அமைச்சர் தெரிவித்தார்' என்று ஒருநாள் வரும். 'அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல் வெளியிடப்பட்டது' என்று வேறொரு நாள் வரும். அச்சொல் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால், சாதாரண வாசகருக்கும் 'வர்த்தமானியில் வந்துவிட்டதா?' என்று கேட்கத் தெரிகிறது. நம்மூரில் அரசிதழ் என்னும் சொல்லே பெட்டிச் செய்தியின் கடைசி வரியில் ஒளிந்திருக்கும்.

என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லாமல் பிறரைக் குறை கூறுவது முறையன்று. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம். நான் பணியாற்றிய நாளிதழுக்கு ஒரு மாலை வந்த செய்தியில், கடற்கரை மீனவர்களுக்குக் கல்வீடு கட்டித் தருவது குறித்துப் பரிசீலிக்கப்படும் என்று ஓர் அமைச்சர் கூறியதாக இருந்தது. ஒற்றைப் பத்தித் தலைப்பு. 'பரிசீலனை' என்று போட்டால் வரி உடைகிறது. இரவு நேரம், பக்கம் மூட வேண்டும், அச்சுக்கோப்பவர் தலைக்கு மேல் நிற்கிறார். 'மீனவர்க்குக் கல்வீடு: அமைச்சர் அறிவிப்பு' என்று போட்டேன். அழகாக அமர்ந்தது. செய்தியின் உள்ளே 'பரிசீலிக்கப்படும்' என்று சரியாகவே இருந்தது. ஆகவே எவரும் என்னைக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். மீன் கூடை சுமந்து வரும் ஓர் அம்மையார் எங்கள் திண்ணையில் கூடையை இறக்கிவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். அந்தத் தலைப்புத்தான். மழைக்கு முன் கூரை மாற்ற வேண்டியவர், கல்வீடுதான் வரப்போகிறதே என்று கீற்று வாங்காமல் விட்டிருக்கிறார். அந்தத் துணுக்கைக் காட்டி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்திருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. 'ஏன் நைனா, அறிவிச்சாங்கன்னு நீங்கதானே போட்டீங்க? எங்க அறிவிச்சாங்க? யாரு காதுல அறிவிச்சாங்க?' என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விலாசம் கேட்பவர் போலக் கேட்டார். நான் எழுத்தின் அகலத்தையும் பத்தியின் அகலத்தையும் பற்றி அவருக்கு என்ன விளக்க முடியும்? 'ஆயா, அது இன்னும் முடிவாகல' என்றேன். 'அப்ப அப்படிப் போட்டிருக்கலாமே' என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். பிறவினைக்கு அவர் சொன்ன இலக்கணத்தைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

அதன்பின் என் மேசையில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டேன். கூறினார், தெரிவித்தார், குறிப்பிட்டார், வலியுறுத்தினார், உறுதியளித்தார், ஆணையிட்டார், அறிவித்தார் என்று எழுதி, எது எப்போது என்று குறித்துக்கொண்டேன். முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர், முடிவெடுத்தபின், நாளும் அளவும் சொல்லி வெளியிட்டால் மட்டுமே 'அறிவித்தார்'. மற்றவை 'கூறினார்'. கூறினார் என்னும் சொல் சப்பென்று இருக்கிறது என்பார்கள் இளைஞர்கள். சோறும் சப்பென்றுதான் இருக்கும். 'முழங்கினார்', 'சூளுரைத்தார்' என்பவற்றை நான் என் கையால் போட்டதில்லை. மேடையில் முழங்கியவருக்குத் தொண்டை கட்டியிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். 'அறிக்கை விட்டார்' என்பதில் மட்டும் எனக்கு ஒரு தனிச்சுவை. பட்டம் விடுவதும் கதை விடுவதும் அறிக்கை விடுவதும் ஒரே வினையில் அடங்குவது தமிழின் குறும்பு.

அறிவிப்பு முந்திக்கொள்வதால் நேரும் கேடு வீட்டுக் கூரையோடு நிற்பதில்லை. 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் உயிரோடு இருக்கும்போதே அவர் மறைந்ததாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அவர் மறைந்தது அவ்வாண்டு அக்டோபரில். 2016 டிசம்பர் 5 மாலையில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் சொல்ல, கட்சி அலுவலகத்தில் கொடி இறங்கியது. மருத்துவமனை மறுக்கவே கொடி மீண்டும் ஏறியது. அன்றிரவு 11.30 மணிக்கு அவர் மறைந்தார் என்னும் முறையான அறிவிப்பு நள்ளிரவுக்குப் பின் வந்தது. மாநிலம் முழுதும் பேருந்து ஓடுமா, கடை திறக்குமா, பிள்ளைகள் வீடு வந்து சேர்வார்களா என்று மக்கள் தவித்த அந்தச் சில மணி நேரத்தில், 'தகவல்' என்பதற்கும் 'அறிவிப்பு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டின் மேல்தான் ஊர் அமைதி நின்றது.

இனிக் கடலுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 காலையில் எவரும் எதையும் அறிவிக்கவில்லை. முரசும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை, தாளும் இல்லை. சுமத்திராவில் நிலம் அதிர்ந்தபின் அலை இந்தக் கரையைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் சொல்லில்லாமல் கழிந்தது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30இல், இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. மற்றோர் ஆழிப்பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது. 'வரக்கூடும்' என்பது வாய்க்கு வாய் 'வருகிறது என்று அரசு அறிவித்துவிட்டது' என்றாயிற்று. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு மேற்கே ஓடினார்கள். நிவாரணப் பணிகள் நின்றன. பிறகு அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை இல்லையென்று அரசே சொன்னது. முதல் முறை சொல் இல்லாமையால் கெட்டோம். இரண்டாம் முறை சொல்லின் மிகுதியால் கெட்டோம்.

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அம்மையம் அனுப்பும் குறிப்புகளில் மூன்று படிநிலைகள் உண்டு: கரையை விட்டு உடனே அகல வேண்டிய நிலை ஒன்று, கரையோரம் செல்லாமல் ஆயத்தமாக இருக்க வேண்டிய நிலை ஒன்று, மேலும் செய்தி வரும்வரை கவனித்திருக்க வேண்டிய நிலை ஒன்று. மூன்றுக்கும் இதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் ஒரே சொற்றொடர்: 'சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது'. 2012 ஏப்ரல் 11இல் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடல் நிலம் அதிர்ந்தபோது, கடற்கரையெங்கும் மக்களை வெளியேற்றினார்கள்; மாலையில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. விலக்கியதும் ஓர் அறிவிப்புத்தான். ஆனால் அது போய்ச் சேர்ந்த வேகம் முந்தியதற்கு இருந்த வேகம் அன்று. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலைத் துறை தரும் நிறங்களிலும் இதே கதை. சிவப்புக்கு மட்டும் தலைப்புக் கிடைக்கிறது. ஆயத்தமாயிரு என்று சொல்லும் ஆரஞ்சு உள்பக்கத்துக்குப் போகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரலாம். அத்தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும்தான். கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் இல்லை. ஆண்டுதோறும் அந்நாளில், 'மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை: அரசு அறிவிப்பு' என்று தலைப்பு வருகிறது. கண்ணாடியிழைப் படகில் போய் வரும் நம் ஊர்க்காரர் கொண்டுவரும் மீனைப் பார்த்து, 'தடைக்காலத்தில் எப்படிப் பிடித்தீர்கள், இது ஐஸ் வைத்த மீனா?' என்று நகரத்தார் கேட்கிறார்கள். ஒரு சொல்லை விட்டதால் வந்த வினை. 'விசைப்படகு' என்று ஆறே எழுத்து. தலைப்பில் அதற்கு இடமில்லையாம்.

2021 செப்டம்பரில் நம் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தபோது இதழ்கள் வழக்கம்போல் கோவளத்தின் தூய்மையை உலகுக்குப் பறைசாற்றின. டென்மார்க்கில் தலைமையகம் கொண்ட ஓர் அறக்கட்டளை தரும் அச்சான்று ஒரு பருவத்துக்கு உரியது; மீண்டும் மீண்டும் தேர்வு எழுதிப் பெற வேண்டியது. அந்த விவரம் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. கொடி ஏறிய படம் மட்டும் வந்தது.

மாமல்லபுரத்துக்கு இப்பால் சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குடைவரை இருக்கிறது. அதில் ஒரே செய்தியை ஒரு பக்கம் கிரந்த எழுத்திலும் மறுபக்கம் நாகரி எழுத்திலும் வெட்டிவைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருபவனும் படிக்கட்டும், தெற்கிலிருப்பவனும் படிக்கட்டும் என்று அந்தச் சிற்பி நினைத்திருக்க வேண்டும். எவருக்குச் சொல்கிறோம் என்னும் நினைவு அவனுக்கு இருந்தது. ஏழு, எட்டாம் நூற்றாண்டில் உளி பிடித்தவனுக்கு இருந்த அந்த நினைவு ஒற்றைப் பத்தித் தலைப்புப் போட்ட இரவில் எனக்கு இருந்ததில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு புயல் நாளில் மீனவர் குப்பம் வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஓர் இளைஞர் வந்தார். கையில் அலுவலகத் தாள். அதில் 'இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்' என்று தொடங்கியிருந்தது. அவர் முதல் வரியைப் படித்தார்; எவரும் தலை நிமிரவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'அண்ணே, யாரும் இன்னிக்கி ராத்திரி தண்ணிக்குப் போவாதீங்க, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மறுபடி வந்து சொல்றேன்' என்றார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து படகுகளை மேலே இழுக்கத் தொடங்கினார்கள். மறுநாள் எட்டு மணிக்கு அவர் வந்தாரா என்று விசாரித்தேன். எட்டே காலுக்கு வந்தாராம்.